முதலாளியின் காதுக்கு எட்டாத செய்தி

கடந்த மாரி மழையில் எனது கடையின் பின்பக்கக் களஞ்சியத்தில் 42 மூடை சீமெந்து கட்டிபட்டுப் போனது. பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியில், கட்டடப் பொருட்களும் படகுக்குத் தேவையான சாமான்களும் விற்கும் கடை நம்முடையது. களப்புக் காற்றடிக்கும் இடத்தில் சீமெந்தை எப்படி அடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாத விடயமல்ல. நிலத்தில் பலகை போட வேண்டும், சுவரிலிருந்து தள்ளி அடுக்க வேண்டும், பழையதை முன்னால் வைக்க வேண்டும். வாப்பா காலத்திலிருந்து பழகிய முறை அது. முறையில் பிழையில்லை. கூரைத் தகட்டில் ஓர் ஆணி கழன்றிருந்தது. அவ்வளவுதான்.

நஷ்டத்தைவிட என்னை உறுத்தியது வேறொன்று. அந்த ஒழுக்கு மூன்று கிழமையாகக் கடையில் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருவன் அதன் கீழே வாளி கூட வைத்திருந்தான். வாளி நிறைந்தால் ஊற்றிவிட்டு மறுபடியும் வைத்திருக்கிறான். தெரியாதிருந்த ஒரே ஆள் முதலாளியாகிய நான்தான்.

“ஏன் தம்பி எனக்குச் சொல்லல்ல?” என்று கேட்டேன்.

“சொன்னா ஏசுவீங்க எண்டுதான் முதலாளி” என்றான்.

கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். சில மாதங்களுக்கு முன்னர் இதே பொடியன், கொழும்பிலிருந்து வந்த ஒரு பெட்டியில் சாமான் குறைவதாக வந்து சொன்னான். அப்போது கடையில் நாலைந்து வாடிக்கையாளர்கள் நின்றார்கள். அவசரத்தில் நான், “நீ வாயத் திறந்தாலே நஷ்டம்தான்” என்று சொல்லிவிட்டேன். நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது அன்றைக்கே மறந்து போயிற்று. அவனுக்கு மறக்கவில்லை. அதன் பிறகு அவன் வாயைத் திறக்கவில்லை.

வெளியே பச்சை, உள்ளே சிவப்பு

அந்த நாட்களில் எனது மருமகன், அதாவது தங்கையின் மகன், லீவில் ஊருக்கு வந்திருந்தார். கொழும்பில் ஒரு மென்பொருள் கம்பனியில் வேலை. குளிரூட்டிய அறை, நல்ல சம்பளம், ஆங்கிலம் பேசும் முகாமையாளர்கள். நமது சீமெந்துக் கதையைக் கேட்டுவிட்டு, “மாமா, எங்கட ஒபீஸிலயும் இதே கதைதான்” என்றார்.

அங்கே ஒவ்வொரு வாரமும் ஒரு கூட்டம் நடக்குமாம். ஒவ்வொரு குழுவும் தனது வேலையின் நிலையை வீதிச் சமிக்ஞை விளக்கைப் போல நிறத்தில் காட்ட வேண்டும். ஒழுங்காக நடந்தால் பச்சை, சந்தேகமென்றால் மஞ்சள், சிக்கலென்றால் சிவப்பு. சிவப்புக் காட்டியவரை எல்லோர் முன்னிலையிலும் நிற்க வைத்துக் கேள்வி கேட்பார் மேலதிகாரி. இரண்டு தடவை அதைப் பார்த்த பிறகு ஒருவரும் சிவப்புக் காட்டுவதில்லை. மாதக் கணக்காக எல்லாம் பச்சை. பொருளை வாடிக்கையாளரிடம் ஒப்படைக்க வேண்டிய நாளில்தான் பாதி வேலை கூட முடியவில்லை என்பது வெளிவருகிறது. இத்தகைய அறிக்கைக்கு அத்துறையில் ஒரு பட்டப் பெயரே இருக்கிறதாம்: வத்தகப்பழம். வெளியே பச்சை, வெட்டினால் உள்ளே சிவப்பு.

படித்த பட்டதாரிகள் வேலை செய்யும் இடத்திலும், ஓலெவல் முடித்த பொடியன்கள் வேலை செய்யும் எனது கடையிலும் நோய் ஒன்றாகவே இருந்தது. பயமுள்ள இடத்தில் கெட்ட செய்தி மேலே ஏறாது. இதனால் அதிகம் நஷ்டப்படுவது பயந்தவன் அல்ல, பயமுறுத்தியவன்தான். வியாபார நண்பர்களோடு இந்த வாரம் பகிர்ந்துகொள்ள விரும்புவது இந்த ஒரு விடயத்தைத்தான். அதற்கு நம் எல்லோர் கையிலும் ஒரு காலத்தில் இருந்த ஒரு பொருளையே உதாரணமாக எடுக்கிறேன்.

நமது சட்டைப் பையில் இருந்த நொக்கியா

2000ஆம் ஆண்டில் வெளிவந்த 3310ஐயும் 2003இல் வந்த 1100ஐயும் நினைவிருக்கிறதா? தலையில் டோர்ச் வைத்த 1100, விடியற்காலையில் வள்ளத்தைத் தள்ளுகிறவருக்கும், மின்சாரம் போன நேரத்தில் லாச்சியைத் திறக்கிற கடைக்காரருக்கும் ஒரே அளவு பயன்பட்டது. உலகெங்கும் 25 கோடிக்கும் மேல் விற்ற கைபேசி அது. 1865இல் பின்லாந்தில் காகித ஆலையாகத் தொடங்கி, றப்பர் சப்பாத்து, கேபிள் என்று பலதும் செய்த நொக்கியா, 1998இல் உலகின் முதலாவது கைபேசிக் கம்பனியானது. 2007இன் முடிவில் உலகில் விற்பனையான ஒவ்வொரு 10 கைபேசியிலும் ஏறக்குறைய 4 அவர்களுடையது.

அதே 2007இல் அப்பிள் கம்பனி ஐபோனைக் கொண்டு வந்தது. அடுத்த ஆண்டு அண்ட்ரொயிட் கைபேசி வந்தது. 2012இல் சாம்சுங் நொக்கியாவை முந்தியது. 2013 செப்டெம்பரில் தனது கைபேசிப் பிரிவை, காப்புரிமைப் பயன்பாட்டுக்கான தொகையும் சேர்த்து, 544 கோடி யூரோவுக்கு மைக்ரோசொஃப்ட்டுக்கு விற்பதாக நொக்கியா அறிவித்தது. ஆறு ஆண்டுகளுக்குள் இவ்வளவும் நடந்து முடிந்தது.

நொக்கியாவில் திறமைசாலிகள் இல்லாமலா போனார்கள்? பணம் இல்லையா? இரண்டும் இருந்தன. பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த திமோ வூரி, இன்சியாட் வணிகக் கல்லூரியைச் சேர்ந்த குய் ஹுய் ஆகிய இரு பேராசிரியர்கள் இதை ஆராய்ந்தார்கள். நொக்கியாவின் மேல்மட்ட, இடைமட்ட முகாமையாளர்கள், பொறியியலாளர்கள், வெளி நிபுணர்கள் என 76 பேரைச் சந்தித்துப் பேசினார்கள். அவர்களது ஆய்வு 2016இல் முகாமைத்துவத் துறையின் முக்கியமான ஆய்விதழ் ஒன்றில் அச்சானது.

ஊழியர்கள் சொன்னவற்றின் சாரம் இதுதான். மேலே இருந்தவர்களுக்குப் போட்டிக் கம்பனிகளைப் பற்றியும் பங்குதாரர்களைப் பற்றியும் பயம். ஆனால் அபாயம் எவ்வளவு பெரியது என்பதைக் கீழே உள்ளவர்களுக்கு முழுதாகச் சொல்லாமல், சீக்கிரம் முடியுங்கள் என்று மட்டும் நெருக்கினார்கள். நடுவில் இருந்தவர்களுக்கோ போட்டிக் கம்பனியைப் பற்றிப் பயமில்லை. தமது மேலதிகாரியைப் பற்றித்தான் பயம். மேலதிகாரிகளில் சிலர் தொண்டை கிழியக் கத்துகிறவர்கள் என்றும், கேட்க விரும்பாததை அவர்களிடம் சொல்வது மிகவும் கடினம் என்றும் பேட்டியளித்தவர்கள் கூறினார்கள். பதவி போய்விடும், பெயர் கெட்டுவிடும் என்று பயந்தவர்கள் ஒன்றில் மௌனமானார்கள், அல்லது நல்லதை மட்டும் வடிகட்டி மேலே அனுப்பினார்கள்.

இதனால் என்ன நடந்தது? நொக்கியா கைபேசிகளின் உள்ளே இயங்கிய சிம்பியன் என்ற மென்பொருள் பழையதாகி, தொடுதிரைக் காலத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. வேலை செய்தவர்களுக்கு அது தெரியும். மேலிடத்துக்குப் போன அறிக்கைகளில் அந்த அளவுக்குத் தெரியவில்லை. எல்லாம் நடக்கும் என்று நம்பிய மேலிடம், முடியாத திகதிகளைக் குறித்துக்கொண்டே போனது. கூரை ஒழுகியது. கீழே ஒருவர் வாளி வைத்தார். வாளி நிறைந்ததும் ஊற்றினார்.

நொக்கியா விழுந்ததற்குப் பயம் மட்டுமே காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தொழில்நுட்பத்திலும் அவர்கள் பின்தங்கினார்கள், எதிரில் நின்றவர்களும் சாதாரணமானவர்கள் அல்ல. ஆனால் சந்தையில் போட்டி எல்லோருக்கும் வரும். அது வந்துவிட்டது என்பதையாவது நேரத்தோடு தெரிந்துகொண்டால்தானே ஏதாவது செய்யலாம்?

விலை கொடுத்தவர்கள் யார்?

இந்தக் கதையின் இன்னொரு முனை நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரில் நொக்கியா 2006இல் ஒரு பெரிய தொழிற்சாலையைத் திறந்தது. உச்சகட்டத்தில் சுமார் 8,000 பேர் அங்கே வேலை செய்தார்கள். பெரும்பாலோர் தமிழ்நாட்டின் கிராமங்களிலிருந்து வந்த இளம் பெண்கள். வீட்டுக்கு மாதச் சம்பளம் கொண்டுபோன முதல் பெண்கள் அவர்களில் பலர்.

கைபேசிப் பிரிவு மைக்ரோசொஃப்ட்டுக்குப் போன போது, இந்திய வரித் திணைக்களத்தோடு இருந்த பிணக்கின் காரணமாக இந்தத் தொழிற்சாலை மட்டும் கைமாறவில்லை. விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள். 2014 நவம்பர் முதலாம் திகதி அங்கே உற்பத்தி நின்றது. பின்லாந்தில் யாரோ ஒரு முகாமையாளர் வாய் திறக்கப் பயந்ததிலும் இந்தப் பெண்களுக்குப் பங்கில்லை, வரிப் பிணக்கிலும் பங்கில்லை. ஆனால் வேலையை இழந்தவர்கள் அவர்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நமது கடை விழுந்தாலும் அப்படித்தான். முதலாளிக்கு ஒரு காணித்துண்டாவது மிஞ்சும். நம்மை நம்பி வந்த நாலு குடும்பத்துக்கு அடுத்த மாதமே அடுப்பு எரியாது. ஆகவே உண்மையைக் கேட்கும் காது வைத்திருப்பது முதலாளியின் குணநலன் சம்பந்தப்பட்ட விடயம் மட்டுமல்ல. அது அவருடைய பொறுப்பு.

வாங்கியவர்களின் வீட்டிலும் அதே நோய்

நொக்கியாவை வாங்கிய மைக்ரோசொஃப்ட்டின் நிலையையும் பாருங்கள். அங்கே நீண்ட காலமாக ஒரு தரப்படுத்தல் முறை இருந்தது. ஒவ்வொரு குழுவிலும் இத்தனை பேர் சிறப்பு, இத்தனை பேர் சராசரி, இத்தனை பேர் மோசம் என்று முகாமையாளர் பங்கு பிரித்தே ஆக வேண்டும். குழுவில் எல்லோரும் கெட்டிக்காரராக இருந்தாலும் யாரோ ஒருவர் மோசமாகியே தீர வேண்டும். 2012இல் அமெரிக்காவின் வெனிட்டி ஃபெயார் சஞ்சிகை அங்கு வேலை செய்தவர்களின் அனுபவங்களை விரிவாக வெளியிட்டது. பக்கத்து மேசைக்காரர் முன்னேறினால் தமது தரம் இறங்கும் என்பதால், தெரிந்ததைக் கூட ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்காமல் மறைத்தார்கள் என்று அவர்கள் கூறியிருந்தார்கள். 2013 நவம்பரில் கம்பனி அந்த முறையைக் கைவிட்டது. வாங்கிய கைபேசி வியாபாரமும் கைகூடவில்லை. 2015இல் 760 கோடி டொலரை நஷ்டமாக எழுதி, 7,800 பேர் வரை வேலையிலிருந்து நீக்குவதாக அறிவித்தது.

நமது கடைகளில் இப்படிப் படிவம் நிரப்புவதில்லை. ஆனால் “அவனப் பாரு, நீயும் இருக்கிறாயே” என்று ஒருவனை வைத்து மற்றவனைக் குத்துவதில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல. அதன் பலன், பழைய ஆள் புதிய ஆளுக்குத் தொழிலைச் சொல்லிக்கொடுக்க மாட்டான்.

கூகிள் கம்பனி 2012இல் தொடங்கித் தனது 180 குழுக்களை ஆராய்ந்தது. எந்தக் குழு நன்றாக வேலை செய்கிறது, ஏன் என்பதே கேள்வி. கெட்டிக்காரர்களை ஒன்றாகச் சேர்த்தால் போதும் என்றுதான் பலரும் நினைத்திருப்போம். எல்லாவற்றையும்விட முக்கியமாக அவர்கள் கண்டது வேறு. “எனக்கு விளங்கவில்லை”, “நான் பிழை விட்டுவிட்டேன்” என்று அவமானப்படாமல் சொல்லக்கூடிய குழுதான் நன்றாக வேலை செய்தது.

கண்டிப்பு வேண்டாமா?

இதை வாசிக்கும் சிலர் இப்போது சிரிப்பார்கள் என்பது தெரியும். “இடம் கொடுத்தால் தலையில் ஏறுவான்கள், கண்டிப்பு இல்லாவிட்டால் லாச்சியே மிஞ்சாது” என்று நானும் இருபது வருடமாகச் சொல்லி வந்தவன்தான். கண்டிப்பு வேண்டாம் என்று இப்போதும் சொல்லவில்லை. நேரத்துக்கு வர வேண்டும், கணக்குச் சரியாக இருக்க வேண்டும், வாடிக்கையாளரிடம் மரியாதையாகப் பேச வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. களவு வேறு, கைதவறி உடைந்தது வேறு. இரண்டுக்கும் ஒரே ஏச்சு ஏசினால், உடைத்தவனும் களவெடுத்தவனைப் போல ஒளிக்கப் பழகிவிடுவான்.

நாம் கோபப்பட வேண்டியது பிழைக்காகவா, அதைச் சொன்னதற்காகவா? பிழைக்காகத்தான் ஏசுகிறோம் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் ஏச்சு விழுவது சொன்ன ஆளின் தலையில். சொல்லாமல் விட்டவன் தப்பிவிடுகிறான். இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்கள் என்ன பாடம் படிப்பார்கள்?

பள்ளிவாசல் நிர்வாகத்திலும் கல்யாண வீட்டிலும் மஷூரா செய்யாமல் நாம் எதையும் தொடங்குவதில்லை. கடைக்குள் நுழைந்ததும் மட்டும் நாம் பேசுவோம், மற்றவர்கள் கேட்க வேண்டும்.

நொக்கியாவும் பிறகு திருந்தியது. 2012இல் அதன் பணிப்பாளர் சபைக்குத் தலைவராக வந்த ரிஸ்தோ சீலஸ்மா, கெட்ட செய்தி கொண்டு வருவதை நல்ல காரியமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், ஒரு செய்தியும் வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும் என்பதைத் தனது சபையின் வழக்கமாக்கினார். கைபேசியை விற்ற நொக்கியா தொலைத்தொடர்பு வலையமைப்புத் தொழிலில் முழு மூச்சாக இறங்கியது. 2016இல் அல்காட்டெல்-லூசென்ட் கம்பனியைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. இன்றும் அந்தத் துறையின் பெரிய கம்பனிகளில் ஒன்றாக நிற்கிறது.

எனது கடையில் செய்தது

கல்லாகிய சீமெந்தைப் பின்வளவில் கொட்டிய அன்றே நான் மூன்று விடயங்களை முடிவு செய்தேன்.

ஒன்று, நடந்ததை அன்றைக்கே வந்து சொல்கிறவருக்கு ஏச்சும் இல்லை, சம்பளத்தில் வெட்டும் இல்லை. ஒளித்தது தெரியவந்தால்தான் கேள்வி. இதை எல்லோரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னேன். முதல் மாதம் ஒருவரும் நம்பவில்லை. ஒருநாள் ஒரு பொடியன் கண்ணாடி ஒன்றை உடைத்துவிட்டு நடுங்கிக்கொண்டு வந்து நின்றான். “சரி, கூட்டி எடு, கால்ல குத்திரப் போகுது” என்று மட்டும் சொன்னேன். அந்த ஒரு வார்த்தையை வெளியே கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதன் பிறகுதான் நம்பத் தொடங்கினார்கள்.

இரண்டாவது, வியாழக்கிழமை கடை மூடும் முன் கால் மணித்தியாலம் எல்லோரும் பிளேன்டீ குடித்துக்கொண்டு உட்காருவோம். வயதில் குறைந்தவர் முதலில் பேச வேண்டும், நான் கடைசியில். முதலாளி முதலில் பேசினால் மற்றவர்கள் “ஆமா முதலாளி” என்பதோடு முடித்துவிடுவார்கள்.

மூன்றாவது, வேலைக்கு வந்த எல்லோருக்கும் நியமனக் கடிதம் கொடுத்து, ஊழியர் சேமலாப நிதிக்கு அவர்களது 8 சதவீதத்தோடு எனது 12 சதவீதத்தையும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதத்தையும் ஒழுங்காகக் கட்டத் தொடங்கினேன். இது நான் செய்த தர்மமல்ல. சட்டப்படி எப்போதோ செய்திருக்க வேண்டியது. நாளைக்கு இருப்போமோ தெரியாது என்று நினைக்கிற ஆள், கூரை ஒழுகினால் நமக்கென்ன என்றுதான் இருப்பான். அவனைக் குறை சொல்லவும் முடியாது.

இதனால் கிடைத்தது என்ன? திகதி முடியப்போகும் பெயின்ட் டின்கள் மூலையில் கிடப்பதைச் சொன்னார்கள். ஒரு லொறிக்காரர் தொடர்ந்து குறைத்து இறக்குவதைச் சொன்னார்கள். பெரிய கடன் வைத்திருக்கும் ஒருவர் பக்கத்துக் கடையில் காசு கொடுத்துச் சாமான் வாங்குவதைச் சொன்னார்கள். ஒரு வியாழக்கிழமை பில் போடும் பிள்ளை தயங்கித் தயங்கி, “நீங்க போனில பேசிக்கொண்டே விலை சொல்றதால ஆக்கள் திரும்பிப் போறாங்க முதலாளி” என்றார். முகம் சுட்டது. பிளேன்டீயை ஒரு மிடறு குடித்துவிட்டு, “சரி பிள்ள” என்றேன். அந்தப் பிள்ளை சொன்னதில் பொய்யில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் வாளி வைத்த அந்தப் பொடியன் இப்போது என்னிடம் இல்லை. இரண்டு மாதத்துக்குப் பிறகு கட்டாருக்குப் போய்விட்டான். போவதற்கு முதல் நாள் அஸருக்குப் பிறகு சலாம் சொல்ல வந்தவன், களஞ்சியத்து வாசலில் நின்று அரை மணித்தியாலம் பேசினான். எந்தச் சாமானை எங்கே மாற்றி வைத்தால் ஏற்றி இறக்கும் நேரம் குறையும், எந்த ஊருக்கு எந்த நாளில் லொறி அனுப்பினால் வெறுமனே திரும்பி வராது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். இரண்டு வருடமாக அவன் மனதில் இருந்தவை அவை.

“இதையெல்லாம் ஏன் தம்பி முன்னமே சொல்லல்ல?” என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. பதில் எனக்கே தெரியும்.

நண்பர்களே, இன்று இரவு கதவை இழுத்து மூடும் முன், உங்கள் கடையில் ஆகச் சின்ன ஆளிடம், “எனக்குத் தெரியாத ஏதாவது கடையில் நடக்குதா தம்பி?” என்று கேட்டுப் பாருங்கள். “ஒன்றுமில்லை முதலாளி” என்று பதில் வந்தால் சந்தோஷப்பட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அடுத்த நாளும் கேளுங்கள்.